அரண்மனையா, மறவர் நாடா? யார் இந்த அருளானந்தர்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் சேர்ந்ததுதான் திருவருகைக் காலம். காத்திருப்பது, இருப்பதைப் பகிர்வது, அதில் மகிழ்ச்சி காண்பது... இதுதான் அதன் சாரம். இதை வாழ்ந்தே காட்டியவர், மதுரை பக்கத்துல கருமாத்தூர் கல்லூரியின் பெயரில் இருக்கும் அருளானந்தர்.

இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பனில் பிறந்து, இளவரசர் பெட்ரோவோடு அரண்மனையில் வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1673-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அன்றைய மதுரை மிஷனில் பிராமண சந்நியாசி போல வாழ்ந்த குருக்களால் ஒடுக்கப்பட்ட சாதியினரோடு பழக முடியாது. அதனால் பிரிட்டோ, எல்லாரிடமும் போகக்கூடிய பண்டார சுவாமி ஆனார். காவி உடை, சைவச் சாப்பாடு, தரையில் தூக்கம். காசு கொடுப்பது மட்டுமல்ல, ஒதுக்கப்பட்டவர் பக்கத்தில் போய் உட்காருவதும் தர்மம்தானே?

1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டு, சித்திரவதைக்குப் பின் விடுதலையானார். லிஸ்பன் திரும்பியபோது, மன்னராகியிருந்த பெட்ரோ அங்கேயே இருக்கச் சொன்னார். ஆனா 1690-ல் மறுபடி இங்கே வந்துட்டார்.

தடியத்தேவர் என்ற தலைவர் கிறிஸ்தவராகி, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். விளைவு, பிரிட்டோ கைது. சிறையிலிருந்து அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் புலம்பல் இல்லை. மரணத்துக்காக மகிழ்ச்சியோடு காத்திருந்தார்.

1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-ல் புனிதரானார். ஓரியூர் போறவங்க இன்னிக்கும் அந்தச் செம்மண்ணை எடுத்துட்டு வர்றாங்க.