கைத்தொண்டிற் கண்ட களிப்பு

இறைவனிடத்து அன்புடையார்க்குத் துன்பம் வாராதென்று சிலர் எண்ணுவர். திருநாவுக்கரசு நாயனாரது சரித்திரம் அவ்வெண்ணத்தை மாற்றும். அவரைப்போலத் துன்புற்றாரும் அரியர். அவரைப்போல நாடோறும் இன்புற்றிருந்தாரும் அரியர். ஹற்றன், நுவரெலியா முதலிய மலைப்பகுதிகளிலே தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சமயபாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைச் சிந்திப்பாராக.

நாயனார் கி.பி. 7 ஆம் நூற்றாண்டிலே, திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் மருணீக்கியார். இளமையிலே தந்தையும் தாயும் இறந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரிலே மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையார், தம்பியார் பொருட்டே உயிர் தாங்கினார். பின்னர்ச் சமண சமயத்தைச் சார்ந்து தருமசேனர் எனப் பெயர்பெற்ற மருணீக்கியார், சூலைநோயால் வருந்தித் திருவதிகையிலே தமக்கையாரை அடைந்து, அவர் அளித்த திருநீற்றை அணிந்து, பதிகம் பாடி, நோய் நீங்கப்பெற்றார். தம்மை இறைவன் திருவடியிற் சேர்த்த அச்சூலைநோய்க்குத் தாம் செய்யும் கைம்மாறு யாதென்று நாயனார் உருகினாரெனச் சேக்கிழார் சுவாமிகள் கூறுவர். நோய்க்கும் நன்றி கூறவல்ல உள்ளத்தை எத்துன்பம் வாட்டும்?

பல்லவ மன்னன் அழைத்தபொழுது, இறைவனுக்கன்றிப் பிறர்க்கு ஆட்படாத உறுதியால் நாயனார் அவன் ஆணையை மறுத்தார். நீற்றறையில் 7 நாள் அடைபட்டும் மகிழ்ந்திருந்தார். ஆதலின் இறைவனை நம்பி இன்புற்றிருத்தல் வேறு, பிறர்க்கு அடிமையாயிருத்தல் வேறு என்பது தெளிக.

உழவாரப் படையைக் கையிலேந்திக் கோயில்தோறும் புல்லும் முள்ளும் களைதலே அவர்தம் நித்தியத் தொண்டு. பஞ்சகாலத்திலே திருவீழிமிழலையில், அடியார்களுக்கு அமுதளித்தற்பொருட்டு, நாயனாருக்கும் திருஞானசம்பந்த சுவாமிகளுக்கும் இறைவன் தினம் ஒவ்வொரு பொற்காசு அருளினார். பிள்ளையார் பெற்ற காசுக்கு வாசி கொடுக்க வேண்டியிருந்தது. நாயனார் பெற்ற காசுக்கு வாசி இல்லை. கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணமென்பர். பிள்ளையாரும் பின்னர்ப் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றார். திருப்புகலூரிலே உழவாரம் பட்ட இடமெங்கும் பொன்னும் மணியும் தோன்றவே, நாயனார் அவற்றையும் பருக்கைக் கற்களோடு வாரி வாவியில் எறிந்தார். தொண்டே அவருக்கு இன்பம், பொன் வேண்டப்படவில்லை.

அத்தலத்திலேயே தமது 81 ஆம் வயதில், சித்திரைச் சதய நாளிலே, சிவபெருமான் திருவடி சேர்ந்தார்.

ஆசிரியர்காள்! பனியிலே பிரட்டுக்களம் சென்று கொழுந்து கொய்யும் தாயின் கைகளைப் பிள்ளைகள் தினமும் காண்கின்றனர். அக்கைகள் இழிந்தன அல்ல. உழவாரம் ஏந்திய திருக்கைகளுக்கு உறவாயின என்று அவர்களுக்கு உணர்த்துமின். காலையிலே திருநீறணிந்து, மாலையிலே தோட்டத்துக் கோயிலிற் சிறிது கைத்தொண்டு செய்து, பெற்ற நன்மையை நாடோறும் நினைக்கப் பழக்குமின். களிப்பு அங்கே தானே விளையும்.