ஏழைகளோடு ஏழையாய் வாழ்ந்த புனித யோசப் வாஸ் அடிகளார்

நமது பங்கு பொன்விழாக் கொண்டாடும் இந்நன்னாளில், நம் முன்னோரின் விசுவாச விளக்கு அணைந்துவிடாமல் காத்தவர்களை நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமையாகும். அவர்களுள் முதலிடம் பெறுபவர், கண்டி மாநகரில் உழைத்து அங்கேயே உயிர்நீத்த புனித யோசப் வாஸ் அடிகளார். தமிழரும் சிங்களவரும், கடைவீதியில் வாழ்வோரும் லயன் காம்பராக்களில் வாழ்வோரும் ஒரே பீடத்தைச் சூழ்ந்து நிற்கும் நம் மலைநாட்டுப் பங்குக்கு அவருடைய வாழ்க்கை வெறும் பழங்கதையன்று.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் கொங்கணி பேசும் பிராமண குலத்துக் கத்தோலிக்கர். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, 1676ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். அன்று முதல் பாதரட்சையைக் கழற்றிவிட்டு, ஏழை மக்களைப் போல வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். உயர்குலத்துக் குரு ஒருவர் அவ்வாறு வீதியில் நடப்பது அக்காலத்தில் சிறிய காரியமன்று.

அந்நாளில் இலங்கைத் திருச்சபை ஆயனில்லா மந்தையாய்த் தவித்துக்கொண்டிருந்தது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும் கத்தோலிக்க குருக்களை நாடுகடத்தினர். கோவில்கள் பறிபோயின. குருக்களை வீட்டில் மறைத்து வைப்பது கொடிய தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஒல்லாந்தர் சபையில் பெயர் பதிந்தால்தான் திருமணம் செல்லும், சொத்துரிமை கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டது. பதவியையும் காணியையும் காத்துக்கொள்ள விரும்பிய பலர் வெளிக்கு அச்சபையில் சேர்ந்துகொண்டனர். மற்றையோர் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்தனர்.

இச்செய்தி கோவாவில் இருந்த அடிகளாரின் உள்ளத்தை உருக்கிற்று. வெள்ளைக்காரக் குரு ஒருவர் இலங்கைக் கரையில் இறங்கினால் உடனே அகப்பட்டுக்கொள்வார்; நிறத்தாலும் நடையாலும் இந்நாட்டவரை ஒத்த ஒருவர் உள்ளே நுழையலாம் என்பதை அவர் கண்டுகொண்டார். ஆயினும் முதலில் அவர் அனுப்பப்பட்டது கன்னட நாட்டுக்கே. அங்கே 1681 முதல் 1684 வரை உழைத்துத் திரும்பினார். அடுத்த ஆண்டு, கோவாவின் சுதேச குருக்கள் தாமே கூடித் தொடங்கியிருந்த சிறு குழுவில் சேர்ந்து, அதன் தலைவரானார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. அக்குழுவே பின்னர் ஓரட்டோரியன் சபையாக வளர்ந்தது.

1686இல் தலைமைப் பதவியைத் துறந்து அடிகளார் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். துணைக்கு வந்தவர் ஜோன் என்னும் ஊழியர் ஒருவரே. 1687இல் தூத்துக்குடி வந்து சேர்ந்து, கூலியாள் உடையில் தோணியேறி, கடலில் பெருந்துன்பம் அடைந்து, மன்னார் வழியாக யாழ்ப்பாணத்தை அடைந்தார். அங்கே கடும் வயிற்றுளைச்சலால் சாகும் நிலைக்கு வந்தார். ஊருக்குப் புறத்தே கிடந்த அவருக்கு இரக்கமுள்ள பெண்ணொருத்தி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இந்நாட்டு மக்களுக்குக் கொடுக்க வந்தவர், முதலில் அவர்களிடமிருந்தே பெற்றுக்கொண்டார்.

உடல் தேறியதும், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மலர்கிறது என்று பார்த்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். விசுவாசத்தில் உறுதியாய் நின்ற சில்லாலை மக்கள் அவரை ஏற்று மறைத்து வைத்தனர். பகலில் ஒளிந்திருந்து, இரவில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தமிழை முயன்று கற்று மக்களோடு பழகினார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது புத்தளம் சென்று, கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் பணியைத் தொடர்ந்தார்.

1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற பொய்க்குற்றச்சாட்டின்பேரில் சிறையிலடைக்கப்பட்டார். அவரோ சிறையையே பள்ளிக்கூடமாக்கிச் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்ததும் அங்கேயே ஒரு குடிலை அமைத்துப் பீடம் எழுப்பினார். முன்னைய போர்களில் சிறைப்பட்டுக் கண்டியில் தங்கிவிட்ட போர்த்துக்கேய வழியினரும், சிங்களவரும், தமிழரும் அதனைச் சூழ்ந்து கூடினர். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவருடைய தூய வாழ்க்கையைக் கண்டு பாதுகாப்பு அளித்தார். பௌத்த மன்னர் ஒருவரின் நிழலிலேயே, கிறிஸ்தவ அரசொன்றால் துரத்தப்பட்ட திருச்சபை மீண்டும் தழைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அடிகளாரின் அன்புக்குப் பெருஞ்சோதனை 1697இல் வந்தது. கண்டியில் வைசூரி பரவிற்று. பலர் நகரைவிட்டு ஓடினர். நோய்கண்டோரைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அடிகளாரும் அவருடைய உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்று, குடிசைகள் அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். இன்ன மொழியினர், இன்ன மதத்தினர், இன்ன சாதியினர் என்று அவர்கள் கேட்கவில்லை. பகைவராயிருந்தோரும் அன்று மனம் மாறினர். மன்னரும் அப்பணியை வியந்து போற்றினார்.

ஆயினும் எல்லாவற்றையும் தாமே செய்துவிட அவர் முயன்றாரில்லை. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோவதே அரிதாயிருந்த ஊர்களில் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவதும், குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், சாவோருக்குத் துணைநிற்பதும் அவர்கள் பொறுப்பாயின. கோவாவிலிருந்து உதவிக்கு வந்த குருக்களும் மக்களின் மொழிகளைக் கற்றனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார், சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை இயற்றி இரு மக்களுக்கும் வழங்கினார். ஒரு மொழிக்காரரின் திருச்சபையாக இது குறுகிவிடாமைக்கு இதுவே காரணமாயிற்று.

ஏறத்தாழ 24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த யோசப் வாஸ் அடிகளார், பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே, 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். பின்னர் வந்த கலாபனைகளில் கண்டிக் கோவில் அழிந்தது. அவர் அடக்கம் செய்யப்பட்ட இடமும் இன்று அறியப்படவில்லை. பரிசுத்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுத்திருப்பதிக்குச் சென்று, 2009இல் முடிவுற்ற நெடும்போரின் காயம் ஆறாத தமிழரோடும் சிங்களவரோடும் செபித்தார். அடிகளாரின் விழாவுக்கு அதைவிடப் பொருத்தமான நிறைவு வேறில்லை எனலாம்.

அன்பார்ந்த பங்கு மக்களே! 50 ஆண்டுகளில் நாம் கோவில் கட்டினோம், மணிக்கூண்டு எழுப்பினோம், திருநாள்களைச் சிறப்பாக நடத்தினோம். இவற்றுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். அதே வேளையில் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். அயலவரின் மொழியில் ஒரு செபமாவது நமக்குத் தெரியுமா? லயத்திலிருந்து நடந்து வரும் குடும்பம் கோவிலின் கடைசி வரிசையில் நிற்கும்போது, முன்வரிசையில் இடம்விட்டு அழைக்கிறோமா? பங்குச் சபையிலே அவர்களின் குரலுக்கும் இடம் உண்டா? ஏழைகளுக்குத் தருமம் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவர்கள் தரும் கஞ்சியையும் கைநீட்டி வாங்கும் மனம் நமக்கு உண்டா?

இக்கேள்விகளுக்கு நம் வாழ்க்கையால் நல்ல பதில் கூறுவதே அடிகளாருக்கு நாம் செலுத்தும் காணிக்கையாகும். ஏழைகளின் வாசலில் நின்று திருச்சபையைக் கட்டியெழுப்பிய புனித யோசப் வாஸ் அடிகளார், நம் பங்குக்காகவும் நம் நாட்டு மக்கள் அனைவருக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக!