வானுக்கு இரு படம் வரைந்த அறிஞர் அஸ்ஸூபி

கி.பி. 903-இல் பாரசீகத்து ரை நகரில் பிறந்தவர் வானசாஸ்திர மேதை அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி. மன்னர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் வானை ஆராய்ந்து, 964 வாக்கில் நிலைத்த நட்சத்திரங்களைப் பற்றிய தம் பெருநூலை இயற்றினார். தாலமியின் பழைய அட்டவணையில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் தீர்க்கரேகை அளவுடனும் 12 பாகை 42 கலை கூட்டித் தம் காலத்துக்குப் பொருத்தினார். ஒளியளவுகளைத் தம் கண்ணாலேயே பார்த்துத் திருத்தினார்.

வானத்தை உருண்டையாகச் செய்து வெளியே நின்று நோக்கினால் இடம் வலமாகிவிடும். அப்படத்தை நம்பி வானில் தேடுபவன் திகைப்பான். ஆகவே 48 நட்சத்திரக் கூட்டங்களுக்கும் இவ்விரண்டு படங்கள் தந்தார்: ஒன்று வானில் காண்பது; மற்றொன்று உருண்டையில் காண்பது.

986-இல் அவர் மறைந்தார். இன்று கணினியில் வான்படத்தைத் திறப்பவரும் முதலில் தெளிய வேண்டியது, கிழக்கு இடப்புறமா வலப்புறமா என்பதே.