சோறு பொங்கிப் பொங்கிப் பார்த்த புமிகோ

அரிசியைக் களைந்து போடுகிறோம். தண்ணீரை அளந்து ஊற்றுகிறோம். பொத்தானை அமுக்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். சோறு வெந்ததும் "டக்" என்று ஒரு சத்தம். மின்சாரம் தானாகவே நின்றுவிடுகிறது!

அந்த "டக்" சத்தத்துக்காக ஒரு பெண் சுமார் 3 ஆண்டுகள் ஓயாமல் சோறு பொங்கினார். அவர் பெயர் புமிகோ மினாமி. ஜப்பான் நாட்டுக்காரர். 6 குழந்தைகளுக்குத் தாய்.

புமிகோவின் கணவர் யோஷிடாடா மினாமி. டோக்கியோ நகரில் ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தார். தோஷிபா கம்பெனிக்கு, தண்ணீர் சுட வைக்கும் மின்சாரக் கருவிகளைச் செய்து கொடுத்து வந்தார். அந்த வேலை குறைந்தது. பட்டறையை மூட வேண்டிய நிலை. வேறு வேலை கொடுங்கள் என்று தோஷிபாவில் இருந்த யமடா என்பவரிடம் போய்க் கேட்டார். தானாகவே சோறு ஆக்கும் மின்சாரச் சட்டி செய்ய முடியுமா என்று யமடா கேட்டார். யோஷிடாடா ஒப்புக்கொண்டார். வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டினார்.

மின்சாரச் சட்டிகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால், பக்கத்திலேயே நின்று பார்த்து நிறுத்த வேண்டும். அதற்கு விறகு அடுப்பே மேல் என்று பெண்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஜப்பானில் கஞ்சி வடிப்பது கிடையாது. ஊற்றிய தண்ணீர் முழுவதும் அரிசியிலேயே சுண்ட வேண்டும். கொஞ்சம் முந்தினால் நடுவில் அரிசி நிற்கும். கொஞ்சம் பிந்தினால் அடிப்பிடிக்கும். அதற்காகவே ஜப்பானியப் பெண்கள் விடியும் முன் எழுந்து, மண் அடுப்பின் முன்னால் கண் எரிய உட்கார்ந்திருந்தார்கள்.

கணவருக்கு இயந்திரம் தெரியும். சோறு தெரியாது. அது புமிகோவுக்குத்தான் தெரியும். எனவே, சோதனை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. விறகு அடுப்பில் பொங்கினார். மின்சாரத்தில் பொங்கினார். ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் சூட்டையும் குறித்து வைத்தார். வெயிலில் ஒரு மாதிரி வெந்தது. பனிக்காலத்தில் வேறு மாதிரி வெந்தது. ஆகவே, குளிரில் வெளியே உட்கார்ந்தும் பொங்கிப் பார்த்தார். உடம்பு கெட்டது. ஆனாலும் அவர் விடவில்லை.

கடைசியில் கணக்குப் பிடிபட்டது. கொதி வந்தபின் சுமார் 20 நிமிடம் நல்ல சூட்டில் வெந்தால் சோறு பதமாக இருக்கும். சரி, 20 நிமிடம் ஆனது என்று சட்டிக்கு எப்படித் தெரியும்?

இங்கேதான் சாமர்த்தியம். சட்டிக்குள் சட்டி வைத்தார்கள். வெளிச்சட்டியில் ஒரு குவளைத் தண்ணீர். அது கொதித்து ஆவியாக சுமார் 20 நிமிடம் ஆகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு குபீரென்று ஏறும். அடியில் இரண்டு வித உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று உண்டு. சூடு பட்டதும் அது வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும்! குளிர் தாக்காமல் இருக்க, சுற்றிலும் இன்னொரு சுவர் வைத்தார்கள்.

1955 டிசம்பரில் சட்டி கடைக்கு வந்தது. விலை 3,200 யென். சுமார் 900 கிராம் அரிசி பொங்கலாம். விலை கொஞ்சம் அதிகம்தான். தூங்கிக்கொண்டே சோறு ஆக்குவதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். யமடா சும்மா இருக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போய், ஜனங்களுக்கு முன்னால் பொங்கிக் காட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா? சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சட்டி போய்ச் சேர்ந்தது. பெண்கள் விடிந்தபின் எழுந்தார்கள்.

புமிகோ அம்மையாரின் உடல்நலம் மட்டும் திரும்பவில்லை. சட்டி வெளிவந்த 4-வது ஆண்டில், 1959-ல், அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 45.