ஏழைக்கும் இடம் தந்தவர்



நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகமே கண்விழித்துப் பார்க்கும் கால்பந்துப் போட்டியை அறிவீர்கள். அதை ஏற்படுத்தியவர் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன் என்பதை அறிவீர்களோ?

ஜூல் ரிமே 1873-ம் ஆண்டு பிரான்சு தேசத்தில் பிறந்தார். சட்டம் படித்து வழக்கறிஞரானார். தொழிலாளர் நிலைமை குறித்து 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் விடுத்த நிருபம் இந்தக் கத்தோலிக்க வாலிபரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அந்நாளில் விளையாட்டுச் சங்கங்கள் பல, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியவை. ரிமேயோ 1897-ல் பாரீஸில் நண்பர்களோடு 'ரெட் ஸ்டார்' சங்கத்தைத் தொடங்கி, அந்தஸ்து பாராமல் சகலரையும் சேர்த்துக்கொண்டார்.

1921-ல் ஃபிஃபா என்னும் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவரானார். ஒலிம்பிக் பந்தயங்களில் சம்பளம் வாங்கி ஆடுவோருக்கு அக்காலத்தில் இடமில்லை. சம்பளமின்றி ஆட உழைப்பாளியால் எப்படி முடியும்? ஆகவே, யாவருக்கும் பொதுவான உலகப் போட்டிக்காக ரிமே பாடுபட்டார். 1930-ல் வெற்றிக் கோப்பையைப் பையில் எடுத்துக்கொண்டு, உருகுவே நாட்டுக்குக் கப்பலேறினார். நெடுங்கடல் தாண்டி, வேலையை விட்டுவருவது எளிதல்லவே. ஐரோப்பாவிலிருந்து நான்கு நாடுகளே வந்தன. மொத்தம் 13 நாடுகள். ஆயினும் அவர் மனந்தளரவில்லை. 33 ஆண்டுகள் தலைவராயிருந்து, 1956-ல் காலமானார்.

உங்கள் பிள்ளைகள் ஆடும் மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஏழைச் சிறுவன் எவனேனும் உண்டோ? அவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.