ரோசா பார்க்ஸ் அம்மையார்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1913ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பிறந்தவர் ரோசா பார்க்ஸ் அம்மையார். பெற்றோர் பிரிந்தபின் பைன் லெவல் என்னும் சிற்றூரில் தாய்வழிப் பாட்டியார் ரோஸ் இல்லத்தில் வளர்ந்தார். அப்பாட்டியார் அடிமை முறை ஒழியுமுன் பிறந்தவர்.

பாட்டியாரும் ஆசிரியையான தாயாரும் குழந்தைக்கு ஊசி பிடிக்கக் கற்பித்தனர். பழந்துணிகளைத் துண்டுகளாக நறுக்கி, ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையாகத் தைப்பது அந்நாட்டுக் கறுப்பினப் பெண்டிரின் கைவேலை. ஏழை வீட்டிலே அது பொழுதுபோக்கன்று, குளிர்காலத்துத் தேவை. பத்து வயதளவில் ரோசா தாமே ஒரு போர்வையைத் தைத்து முடித்தார். அடுத்த ஆண்டளவில் தமக்கென ஓர் ஆடையும் தைத்துக்கொண்டார். வெள்ளையர் பிள்ளைகள் பேருந்தில் பள்ளி செல்ல, இவரோ நடந்தே சென்று பயின்றார்.

பின்னாளில் மாண்ட்கோமரி நகரப் பல்பொருள் அங்காடியொன்றில் தையற்பணி புரிந்தார். 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானார். உடற்களைப்பால் எழவில்லை என்பர் சிலர், அது பிழை. 1943 முதலே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் செயலாளராகத் தொண்டாற்றியவர் அவர். 381 நாள் மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். 1956இல் உச்சநீதிமன்றம் அப்பாகுபாட்டைச் செல்லாதென்றது.

ஆயினும் கடைவேலை பறிபோயிற்று. 1957இல் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1965இல் நாடாளுமன்ற உறுப்பினரொருவரின் அலுவலகத்தில் பணி கிடைக்கும் வரை, பாட்டியார் தந்த ஊசியே அவருக்குச் சோறு போட்டது. 2005 அக்டோபர் 24 அன்று இயற்கை எய்தினார்.