ஆமதாபாத்தில் முதல் ஆலை கண்ட ரஞ்சோட்லால்

சபர்மதி நதிக்கரையில் உள்ள ஆமதாபாத், 'இந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர் பெற்ற நகரம். அதற்கு அடிகோலியவர் ரஞ்சோட்லால் சோட்டாலால். அவர் வணிகர் குலத்தில் பிறந்தவரல்லர். 1823-ல் நாகர் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சுங்க இலாகாவில் குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

அக்காலத்தில் குஜராத்தில் விளைந்த பருத்தி கப்பலேறி இங்கிலாந்து சென்றது. நூலாகவும் துணியாகவும் திரும்பி வந்தது. பருத்தி விளையும் இடத்திலேயே ஆலை அமைத்தால் என்ன என்று 1850-க்கு முன்பே ரஞ்சோட்லால் திட்டம் தீட்டினார். ஆனால் ஊர்ச் செல்வர்கள் பணம் போட முன்வரவில்லை. லேவாதேவியில் உறுதியான வட்டி கிடைக்கும்போது, கண்டறியாத இயந்திரத்தை நம்புவானேன் என்பது அவர்கள் எண்ணம். இதற்கிடையே லஞ்சக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, அவர் அரசாங்க வேலையையும் இழந்தார்.

எனினும் அவர் மனம் தளரவில்லை. பல ஆண்டுகள் முயன்று, பங்குதாரர்களைச் சேர்த்து, 1859-ல் கம்பெனியைத் தொடங்கினார். இங்கிலாந்தில் இருந்த தாதாபாய் நவுரோஜி மூலம் இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். முதலில் அனுப்பிய இயந்திரங்கள் வழியில் கப்பலோடு அழிந்தன. மீண்டும் வரவழைத்தவை காம்பே துறைமுகத்தில் இறங்கி, மாட்டு வண்டிகளில் ஆமதாபாத் வந்து சேர்ந்தன. அந்த ஊருக்கு ரயில் வந்ததே 1864-ல்தான்!

1861 மே மாதம் ஷாபூரில் ஆலை ஓடத் தொடங்கியது. 2,500 கதிர்கள், 65 தொழிலாளர்கள். லாபம் வரக் கண்டதும், முன்பு தயங்கிய செல்வர்களும் ஆலை கட்டத் தொடங்கினர். நூற்றாண்டு முடிவதற்குள் இருபதுக்கும் அதிகமான ஆலைகளின் புகைபோக்கிகள் எழுந்தன.

வேலை தேடிக் கிராமத்து மக்கள் திரண்டு வந்தனர். நெரிசலான சந்துகளில் சாக்கடை தேங்கிற்று, கிணற்று நீர் கெட்டது, நோய்கள் மலிந்தன. 1885-ல் நகரசபையின் முதல் இந்தியத் தலைவரான ரஞ்சோட்லால், குழாய்க் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் அமைக்க முனைந்தார். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. வரிச்சுமை கூடும் என்றனர் சிலர். எல்லாச் சாதியாரும் ஒரே குழாய் நீரைக் குடிப்பதா என்றனர் வேறு சிலர். பொதுக்கூட்டங்கள் நடந்தன, அரசாங்கத்துக்கு மனுக்கள் பறந்தன. அவர் அசையவில்லை. 1891-ல் தூதேஷ்வர் நீரேற்று நிலையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்தது. பாதாளச் சாக்கடையும் பகுதி பகுதியாக உருவாயிற்று.

1898-ல் ரஞ்சோட்லால் காலமானார். ஆலைகளைப் பின்பற்றிக் கட்டப் பலர் இருந்தனர். ஆலையால் பெருகிய நகரத்துக்கு நல்ல தண்ணீர் தர அவர் ஏறக்குறைய தனியாகவே போராட வேண்டியிருந்தது.